வாயைக் கட்டியும் சுகர் வந்துடுச்சுங்க. உடம்பு நெசமாவே நம்ம கையிலதான் இருக்குதா?

வாய்க்கால் கரை (பவானி):

எனக்கு வயசு 38. பவானியில ஒரு நூல் கடையில கணக்கு எழுதறேன். போன மாசம் எடுத்த டெஸ்ட்டுல வெறும் வயித்துல 131, மூணு மாசச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.9 சதவீதம். "இனி இது சுகர்தாம்மா"ன்னு டாக்டர் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. அவர் பொறுமையாத்தான் சொன்னாருங்க, அதுல எனக்கு ஒண்ணும் இல்லை. மனசு ஒடிஞ்சது வேற எடத்துல.

எம் பொண்ணு வயித்துல இருந்தப்ப ஆரம்ப சுகாதார நிலையத்துல குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. 140-ஐத் தொட்டா கர்ப்ப கால சுகர்னு கணக்கு. எனக்குத் தாண்டிருச்சு. பிரசவத்துக்கு அப்புறம் எறங்கிட்டாலும், "பின்னாடி வர வாய்ப்பு ஜாஸ்தி, வருசா வருசம் பாத்துக்கோ கண்ணு"ன்னு நர்ஸம்மா சொல்லி அனுப்புனாங்க. அன்னிக்கிருந்து டீக்குச் சர்க்கரை கெடையாது. ராத்திரிச் சோறு கெடையாது. விடியக்காலம் காலிங்கராயன் வாய்க்கால் கரையில முக்கா மணி நேரம் நடை, மழை பேஞ்சாத்தான் லீவு. எடை 54 கிலோவைத் தாண்டுனதே இல்லைங்க. எங்கம்மாளுக்கு சுகர்ல கால் விரல் ஒண்ணை எடுத்தாங்க. அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டுப் பிரிச்சுக் கட்டுனது நாந்தான். அதைப் பாத்தவளுக்கு வாயைக் கட்டறது ஒரு பெரிய கஷ்டமே இல்லை.

போன முகூர்த்தத்துல சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்திருந்த பெரியப்பா முறை ஒருத்தரு, எல்லாரும் கேக்கற மாதிரி, "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமா? எல்லாம் நம்ம கையிலதான இருக்குது"ன்னாரு. எங்க மாமியாரு ஆமான்னு தலையாட்டுனாங்க. நான் என்ன திங்கறேன்னு இத்தனை வருசமா ஒரே அடுப்படியில பாத்துட்டு இருக்கறவங்க அவங்க.

அதான் கேக்கறேன். இதுல எவ்வளவு நம்ம கையில, எவ்வளவு இல்லை? நான் செஞ்சதெல்லாம் வீணுங்களா? ஒம்போது வயசுப் பொண்ணு இருக்குது, அவகிட்ட என்னன்னு சொல்லி வளக்கறது? "விதி"ன்னு ஒரு வரியில பதில் போட வேண்டாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க.

மலைக்கோட்டை (திண்டுக்கல்):

தாயி, மொதல்ல மனசை விட்டுறாத. நான் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். சர்வீஸ்ல இருந்த காலம் பூரா சிகரெட்டுதான். ட்ரிப்புக்கு ட்ரிப்பு எறங்குனதும் பத்த வைக்கிறது. நெஞ்சுல ஒரு தடவை பிடிச்சு இழுத்துச்சு, அன்னைக்கு விட்டவன் இன்னைக்கு வரைக்கும் தொடல. இப்ப எங்க ஊரு மலைக்கோட்டைய வழியில உக்காராம ஏறி எறங்குறேன். என் கூட டூட்டி பாத்தவங்கள்ல "நம்ம கையில என்னப்பா இருக்கு, போறப்ப போவோம்"னு சொல்லிக்கிட்டே ஊதுன ஆளுக நாலு பேரு முகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. ஒருத்தரும் இப்ப இல்ல.

அதனால சொல்றேன், பெரும்பங்கு நம்ம கையிலதான். அந்த நம்பிக்கை போச்சுன்னா காலையில எந்திரிச்சு செருப்பை மாட்டத் தோணாது. உன்னைப் பந்தியில வச்சுப் பேசுனது தப்புதான், அதுக்காக இந்த நம்பிக்கையை யாரும் உடைச்சிராதீங்க. ஆஸ்பத்திரிக்கு அலைய வசதி இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அது.

உணவியல் தோழி (சென்னை):

சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்றதுதான் என் வேலை. "வீணா?"ன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும் கணக்கோட பதில் சொல்றேன்.

2006-ல சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை வெளியிட்டாங்க. சுகர் இன்னும் வரல, ஆனா வாசல்ல நிக்குதுங்கற நிலையில இருந்த 531 பேரை எடுத்து நாலு குழுவாப் பிரிச்சாங்க. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவங்கள்ல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடிச்ச குழுவுல 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் போட்டவங்களுக்கு 40.5. ரெண்டும் சேத்துச் செஞ்சவங்களுக்கு 39.5.

இதை ரெண்டு பக்கத்துல இருந்தும் படிக்கணும். நூறு பேர்ல பதினஞ்சு பதினாறு பேரை நடையும் சாப்பாடும் காப்பாத்தியிருக்கு, அது சின்ன விஷயமே இல்லை. அதே சமயம், நடந்தும் வாயைக் கட்டியும் 39 பேருக்கு வந்திருக்கு. அந்த 39 பேரையும் ஏமாத்தினவங்கன்னு சொல்லிட முடியாது. நீங்க அவங்கள்ல ஒருத்தர். அதிலயும் கர்ப்ப கால சுகர் இருந்தவங்களுக்குப் பின்னாடி சுகர் வர வாய்ப்பு மத்தவங்களைவிட ஏழு மடங்குக்கு மேல. ஓட்டப் பந்தயம்னா, நீங்க மத்தவங்களுக்கு ரொம்பப் பின்னாடி நின்னுதான் ஓட ஆரம்பிச்சிருக்கீங்க.

உங்க எடை 54 கிலோன்னு எழுதியிருக்கீங்க. ஒல்லியா இருந்தா வராதுன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு உண்டு. புனேயில டாக்டர் யாஜ்னிக்னு ஒருத்தர், லண்டன்ல டாக்டர் யூட்கின்னு ஒருத்தர். உயரத்துக்கு எடைன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலா 22.3. ஆனா உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டு 2004-ல லேன்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க. யாஜ்னிக் குழு அதுக்கு முன்னாடியே புனே பக்கத்துக் கிராமங்கள்ல பிறந்த குழந்தைகளை எடை போட்டுப் பாத்திருந்தாங்க. சராசரி 2.7 கிலோ. கை கால்ல சதை குறைவு, கொழுப்பு மட்டும் குறையல. அம்மா வயித்துலயே போட்ட கணக்கு இது. கணையத்துல இன்சுலின் சுரக்கற திறனும் நம்ம மக்களுக்குச் சீக்கிரமே தளர ஆரம்பிக்குது. இதுல எதை நீங்க வாய்க்கால் கரையில நடந்து மாத்தியிருக்க முடியும்?

2023-ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் வாசல்ல. உங்க பெரியப்பா சொல்றது நிஜம்னா இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே தலைமுறையில வாயைக் கட்டத் தெரியாமப் போச்சுன்னு ஆகும். அப்படி நடக்காது.

இனிமே உங்க கையில இருக்கறது பெருசு. சுகர் வந்தவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வுல, மூணு மாசச் சராசரி ஒரு புள்ளி குறைவா இருந்தவங்களுக்குக் கண், சிறுநீரகம் மாதிரி சின்ன ரத்தக் குழாய் பாதிப்பு 37 சதவீதம் குறைவா இருந்தது. நீங்க 6.9-லயே பிடிச்சிட்டீங்க. வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்ததாலதான் பிடிச்சீங்க. பல பேர் கால் மரத்துப்போய், கண் மங்கிப்போய் 11, 12-ல வந்து என் முன்னாடி உக்காருறாங்க.

நிக்கிற வேலை (திருச்சி):

அக்கா, நான் ஜவுளிக் கடையில சேலை செக்‌ஷன். உங்க கேள்வியைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு, அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். காலையில ஒம்போதரைக்கு நின்னா ராத்திரி ஒம்போது தாண்டும். தீபாவளி சீசன்ல அதுக்கும் மேல. பாத்ரூம் போக ஆள் மாத்தி விடணும்னு தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்குவோம். முட்டிக்குக் கீழ நரம்பு பச்சையா முடிச்சு முடிச்சா தெரியும், எங்க செக்‌ஷன்ல பாதிப்பேருக்கு உண்டு. "காலை உயரத் தூக்கி வச்சு ரெஸ்ட் எடுங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. எங்க வச்சு எடுக்கிறது?

2021-ல கடை ஊழியர் உக்கார இருக்கை போடணும்னு தமிழ்நாட்டுல சட்டம் திருத்துனாங்க. எங்க கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு. கஸ்டமர் இருக்கும்போது உக்காந்தா சூப்பர்வைசர் பாக்குற பார்வை அப்படியேதான் இருக்கு. இருந்தாலும் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல இப்ப உக்காருறோம். சாயங்காலம் கால் வீக்கம் எனக்குத் தெரியுற மாதிரி குறைஞ்சிருக்கு. அந்தக் குறைச்சலுக்கு நான் ஒண்ணுமே பண்ணல அக்கா, சட்டம் பண்ணுச்சு.

பாலக்கோடு அக்கா (தருமபுரி):

பவானி தங்கச்சி, நான் மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலரா இருக்கேன். சுயஉதவிக் குழுவுல இருந்து எடுத்தாங்க. பி.பி. மெஷினும் சுகர் பாக்குற மெஷினும் பையில போட்டுக்கிட்டு வீடு வீடாப் போய், மாத்திரை குடுத்து, நோட்டுல எழுதிட்டு வர்ற வேலை. 2021 ஆகஸ்ட்டுல பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் இந்தத் திட்டத்தைத் தொடங்கினாங்க. நீ கேட்டதுதான் நான் தினமும் வாசப்படியில நின்னு யோசிக்கிறது. அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

எங்க மாவட்டத்துல நாப்பது அம்பது வயசு ஆளுங்க சிரிச்சா பாரு, பல்லுல காவி பூசின மாதிரி பழுப்புக் கோடு இருக்கும். வெத்தலையும் இல்ல, பீடியும் இல்ல. போர் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு. பல்லு முளைக்கிற வயசுல அந்தத் தண்ணியைக் குடிச்சா கறை பல்லோட சேந்தே வந்துடும், தேச்சாப் போகாது. வருஷக்கணக்கா குடிச்சவங்களுக்கு முதுகு கட்டையாட்டம் இறுகி, முட்டி மடங்கி நடை மாறிப்போகும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு கணக்கு, எங்க பக்கத்துப் போர்கள்ல தாண்டியிருந்துச்சு. இதுல நெஞ்சைப் பிசையற விஷயம் என்னன்னா, சுத்தமா இருக்கணும்னு தண்ணியைக் காய்ச்சிக் குடிச்ச வீடும் இருக்கு. காய்ச்சினா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். புள்ளைங்களுக்கு நல்லது செய்யறோம்னு விறகு செலவழிச்சு அந்தத் தாய்மாருங்க செஞ்சது அது. யாரு போய் அவங்களை "உன் கையிலதான இருந்துச்சு"ன்னு கேக்க முடியும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல வந்துச்சு. காவேரித் தண்ணி ஒழுங்கா வர்ற தெருவுல இப்ப பள்ளிக்கூடம் போற புள்ளைங்க பல்லு வெள்ளையா இருக்கு. குழாய் கடைசியில இருக்கிற தெருவுல தண்ணி வராத நாளைக்கு இன்னும் போர்லதான் பிடிக்கிறாங்க. ஒரே ஊரு, ஒரே சாதி சனம், ஒரே சாப்பாடு. பல்லைப் பாத்தே எந்தத் தெருன்னு நான் சொல்லிடுவேன்.

சுகருக்கு வரேன். எங்க ஏரியாவுல ஒரு அக்கா, அம்பது தாண்டினவங்க, தக்காளி பறிக்கப் போறவங்க. ஒவ்வொரு தடவையும் மெஷின்ல 280, 300-னு வரும். "மாத்திரை போடறதில்ல, திமிரு"ன்னு வீட்டுலயே திட்டுவாங்க. ஒரு நாள் பக்கத்துல உக்காந்து மெதுவாக் கேட்டேன். வெள்ளனவே வண்டி வந்துடுது. வாயில எதுவும் போடாம மாத்திரையை முழுங்கிட்டு ஏறிடறாங்க. பத்து மணிக்குத்தான் வரப்புல சாப்பாடு. எட்டரை ஒம்போதுக்கெல்லாம் கை நடுங்கி, வேர்த்து ஊத்தி, கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு. ரெண்டு தடவை பாத்தியிலயே உக்காந்துட்டாங்களாம், மேஸ்திரி கூலியில பிடிச்சுட்டாரு. அதோட மாத்திரையை நிறுத்திட்டாங்க. அவங்க போட்டது மெட்ஃபார்மினோட கிளிமிபிரைடும். கிளிமிபிரைடு வெறும் வயித்துல போட்டா சுகரை ஒரேயடியா எறக்கிடும். சுகாதார நிலையத்துல டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அந்த மாத்திரையைச் சோத்து டப்பாவோட எடுத்துட்டுப் போய், மொத உருண்டை உள்ள போறப்ப போடச் சொன்னாங்க. ரெண்டு மூணு மாசத்துல 170-க்கு வந்துடுச்சு. மாறினது அந்த அக்காவோட மன உறுதி இல்ல, மாத்திரை போடற நேரம். அது தன் கையில இருக்குன்னே அவங்களுக்கு யாரும் சொல்லலை.

திண்டுக்கல் அண்ணா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். அவர் மாதிரி சிகரெட்டை விட்டவங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா அண்ணா, பொது இடத்துல பிடிக்கக் கூடாதுன்னு 2008 அக்டோபர் 2-லேர்ந்து சட்டம் வந்த பின்னாடி பஸ் ஸ்டாண்டுல பத்த வைக்கிற ஆள் எவ்வளவு குறைஞ்சிருக்காங்கன்னு நீங்களே பாத்திருப்பீங்க. மனுஷனுக்கு உறுதி வேணும், அந்த உறுதி நிக்கிறதுக்கு எடமும் வேணும். திருச்சித் தங்கச்சிக்குக் கெடச்ச ஸ்டூல் அந்த எடம்.

சாப்பாடும் அப்படித்தான். அரிசியைக் குறைன்னு நான் சொல்லணும், சொல்றேன். ரேஷன்ல அரிசி இலவசம், பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ 30 ரூபாய்க்கு. ஒரு கிலோ பருப்பு அஞ்சு பேர் இருக்கிற வீட்டுல எத்தனை நாளைக்கு வரும்? எங்க மாவட்டத்துலயும் நீலகிரியிலயும் 2023-லேர்ந்து ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா கேவுரு (கேழ்வரகு) வாங்கிக்கலாம்னு வச்சிருக்காங்க, அது நல்ல விஷயம். ஆனா கேவுரு களின்னா சுகரே ஏறாதுன்னு நினைச்சு ரெண்டு உருண்டை சாப்பிடறவங்க இருக்காங்க. மாவுச்சத்து அதுலயும் கிட்டத்தட்ட அரிசி அளவுக்கு இருக்கு. ஒரு உருண்டை, அதுக்கு மேல கீரைக் கடைசலோ கொள்ளோ நெறைய வச்சுக்கோங்கன்னு சொல்லித் தரணும்.

உன் பொண்ணைப் பத்திக் கேட்ட. "அம்மா ஒழுங்கா இருந்தும் வந்துச்சு, அதனால நீ பயப்படு"ன்னும் வளக்காத, "நீ ஒழுங்கா இருந்தா வரவே வராது"ன்னும் வளக்காத. ரெண்டுமே பொய்யி. சாயந்திரம் வெளையாட விடு. நேரத்துக்குத் தூங்க வை. முட்டை, பயிறு, கீரை தட்டுல இருக்கட்டும். பத்து வயசுக்கு மேல பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நீல மாத்திரை குடுப்பாங்க, இரும்புச்சத்து. கசக்குது, வயிறு பெரட்டுதுன்னு புள்ளைங்க துப்பிடும். சாப்பிட்ட பின்னாடி போடச் சொல்லு, தவறாமப் போடட்டும். ரத்தசோகையோட கல்யாணம் ஆகி, ரத்தசோகையோட புள்ள பெத்து, அந்தப் புள்ள ரெண்டு கிலோ சொச்சத்துல பொறக்குதுன்னு நான் நோட்டுல எழுதி எழுதி அலுத்துப்போன விஷயம். சென்னைத் தங்கச்சி புனே கணக்கைச் சொன்னப்ப எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. உன் பேத்தி உடம்போட ஒரு பங்கு இப்ப உன் பொண்ணு தட்டுல இருக்கு.

பெரியப்பா சொன்னதுக்கு மட்டும் ஒண்ணு. அந்த மாதிரிப் பேச்சு மனசைப் புண்ணாக்கறதோட நிக்கறதில்ல. எங்க பக்கத்துல மூணு வீட்டுல இதைக் கண்ணால பாத்திருக்கேன். சுகர்னு தெரிஞ்சா ஊர் பேசும்னு மறைக்கிறாங்க, மெஷினோட நான் போனா "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு கதவுக்குப் பின்னாடி நின்னே பதில் சொல்றாங்க. அதுல ஒரு அண்ணனுக்குக் கால்ல முள்ளு குத்தினதே தெரியாம, சீழ் பிடிச்ச பின்னாடிதான் வெளிய வந்துச்சு. பழி சொல்ற வாயால ஒரு கால் போயிருக்கு. இதை நான் கோவத்தோடதான் எழுதறேன்.

மலைக்கோட்டை (திண்டுக்கல்):

பாலக்கோட்டு தங்கச்சி, அந்தத் தக்காளிக்காரம்மா விஷயம் மனசுல தச்சிருச்சு. எங்க டிப்போவுலயும் முதல் ட்ரிப் போறவங்க வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டுத்தான் ஏறுவாங்க. நாளைக்கே போய் நம்ம பசங்ககிட்ட கேக்குறேன். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குக் கண்ணு இருட்டுனா அம்பது பேரு உசுரு.

வாய்க்கால் கரை (பவானி):

எல்லாருக்கும் நன்றிங்க. அந்த 39 பேர் கணக்கை எங்க வீட்டுக்காரருகிட்ட படிச்சுக் காமிச்சேன். அவரு அதை எங்க மாமியாருக்குச் சொன்னாரு. அவங்க ஒண்ணும் பேசலை, ஆனா இன்னிக்கு ராத்திரி எனக்குன்னு தனியா கொள்ளுப் பருப்பு கடஞ்சு வெச்சிருந்தாங்க. நடையை விடப் போறதில்லைங்க.

பாலக்கோட்டு அக்கா, டாக்டர் மாத்திரை மட்டும்தான் எழுதுனாரு. வேற ஏதாச்சும் டெஸ்ட் நானாக் கேட்டு எடுக்கணுங்களா? எனக்கு இப்போதைக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பாலக்கோடு அக்கா (தருமபுரி):

தொந்தரவு இல்லாதப்பத்தான் எடுக்கணும் தங்கச்சி. மூணு. ஒண்ணு, சிறுநீர்ல புரதம் போகுதான்னு பாக்குறது, கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட். ரெண்டு, பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு மெல்லிசான நைலான் நரம்பு மாதிரி ஒண்ணை வச்சு அழுத்திப் பாப்பாங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது. மூணாவது கண்ணு. கண்ணாடிக் கடையில பவர் பாக்குறது இல்ல, கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாக்குறது. சுகர்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. மெட்ஃபார்மினை எப்பவும் சாப்பாட்டோட போடு, மொதல்ல கொஞ்ச நாள் வயிறு கலக்கும், அதுக்காக நிறுத்திடாத.

கண்ணுக்குப் போறப்ப வண்டியில தனியாப் போகாத. மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கலாத் தெரியும். வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ, அன்னிக்குக் கடைக்கு லீவு சொல்லிடு, கணக்கு எழுத முடியாது.